மகளுக்கு விசாரணை! மகனுக்கு மாலை!

அம்பரப்பர் மலை! தேனி மாவட்டத்திலே, தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்திலே, நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் மலை. அதன் அடியைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, உள்ளே 50,000 டன் இரும்பை அடுக்கி, நியூட்ரினோ எனும் துகளைக் காணப் போகிறோம் என்றார்கள் விஞ்ஞானிகள். 2015-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதலும் தந்தது. காடு என்னாவது, புலிகளின் வழித்தடம் என்னாவது என்று மக்கள் கேட்டனர். இந்தத் திட்டம் இங்கே வேண்டாம் என்று 2022-இல் உச்சநீதிமன்றத்திலே உரைத்தது தமிழ்நாடு அரசு.

அந்த வழக்கைப் பேச வரவில்லை நாம் இன்று. அந்த மலை கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. அதைப் பேச வந்தோம்.

ஒரு துகளைக் காண மலை எதற்கு? விண்ணிலிருந்து ஓயாது பொழிகின்றன வேறு பல துகள்கள். அந்த இரைச்சலிலே, தேடும் துகள் தெரியாது. ஆகவே, நாற்புறமும் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் பாறை வேண்டும், வடிகட்ட! வடிகட்டிய பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்டோம் என்று சொல்லுமுன் இத்தனை தயக்கம், இத்தனை பொறுமை காட்டுகிறது விஞ்ஞானம்.

அதே மலையடிவாரத்திலே, பதினாறு வயதுப் பெண்ணின் பண்பு இன்னதென்று கண்டுபிடிக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு விநாடி! கட்டைவிரலால் ஒரு தள்ளு! தீர்ந்தது தீர்ப்பு!

விடியுமுன் ஜீப்பேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து காய் பறித்து, பொழுது சாய ஊர் திரும்பும் தாய்மார்கள் நிறைந்த பகுதி இது. களைத்து இறங்குகிறாள் தாய். காத்திருக்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி, கையிலே கைப்பேசியுடன்.

“யக்கா, ஒம் மக போட்டோ போட்டிருக்கா, பாத்தியா? லைக் போட்டவன் பூராம் பயலுகதான்!”

போதாதா? அடுப்பு பற்றுமுன் வீடு பற்றிக்கொள்கிறது. தந்தை நீதிபதி, மாமன் அரசு வழக்கறிஞர், ஊரே சாட்சி. குற்றவாளி, பள்ளிச் சீருடைகூட மாற்றாத சிறுமி. குற்றம், சிரித்தாள்! சிரித்ததைப் படம் எடுத்தாள்! தண்டனை? கைப்பேசி பறிமுதல். அடுத்த ஆண்டு படிப்பு நிறுத்தம். “காலா காலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துரு” என்ற ஆலோசனையும் இலவசம்.

அதே வீட்டிலே அண்ணன் ஒருவன் இருக்கிறான். அவனும் படம் போடுகிறான். கையிலே சாதிக்கொரு நிறத்தில் கயிறு. பின்னணியிலே சாதிப் பெருமை பாடும் பாட்டு. இரவல் அரிவாள் ஒன்று. வகுப்பிலே உடன் படிக்கும் பெண்ணின் படத்தைக் கேலி வாசகத்தோடு நண்பர்களுக்குச் சுற்றுக்கு விடுகிறான். வீடு என்ன சொல்லுகிறது? “சிங்கம்டா எம் மருமகன்!” என்று மார்தட்டுகிறார் மாமன். மகளுக்கு விசாரணை, மகனுக்கு மாலை!

1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டோம். 1989-இல் கலைஞர் ஆட்சியிலே அதைச் சட்டமாக்கினோம். சொத்திலே சம பங்கு தந்த நாம், சந்தேகத்தை மட்டும் முழுவதுமாக மகள் பெயருக்கே எழுதி வைக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

2023 ஆகஸ்டிலே, நாங்குநேரியில், பட்டியலின மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினர் சக மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. நாடு நடுங்கியது. ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு ஆய்ந்து, 2024-இல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் பள்ளியிலே கூடாது என்பதும் அதன் பரிந்துரை. அரிவாளோடு படம் போட்டவன் எல்லாம் அரிவாள் எடுப்பான் என்று சொல்ல மாட்டோம். ஒரு படத்தைக் கொண்டு தீர்ப்பெழுதும் அதே தவறு அது. ஆனால் அந்தப் படத்துக்குக் கைதட்டும் வீடு, பிள்ளைக்கு என்ன பாடம் நடத்துகிறது என்று கேட்கிறோம்.

தவறாகத் தீர்ப்பெழுதினால் என்ன நேரும்? சேலத்தைக் கேளுங்கள். 2016 ஜூனிலே, 21 வயதுப் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி, முகநூலிலே போட்டான் ஒருவன். புகார் கொடுத்தனர் பெற்றோர்; நாட்கள் நகர்ந்தன; படம் நீங்கவில்லை. அந்தப் பெண் தன் உயிரையே முடித்துக்கொண்டாள். பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனையைக் கடிதமாக எழுதி வைத்துவிட்டுப் போனாள். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார், கயவன் கைதானான். போன உயிர் திரும்பியதா? அந்தப் பெற்றோரைக் குற்றம் சாட்டவில்லை நாம். அவர்கள் அழுது தீராதவர்கள். இன்று தீர்ப்பெழுத முனையும் வீட்டுக்கு எச்சரிக்கையாகவே சொல்லுகிறோம்.

பொள்ளாச்சியையும் பாருங்கள். முகநூலில் நட்பு பேசி, பெண்களைச் சிதைத்து, படமெடுத்து மிரட்டிய கூட்டம். வீட்டுக்குத் தெரிந்தால் என்னாவது என்ற அச்சமே அந்தக் கூட்டத்தின் முதலீடு! 2019 பிப்ரவரியிலே ஒரு மாணவி வாய் திறந்தாள். அண்ணன் அவளை ஏசவில்லை. அவள் பக்கம் நின்றான். அதற்காக அடியும் வாங்கினான். அந்தப் புகாரிலிருந்து தொடங்கிய வழக்கிலே, 2025 மே 13 அன்று, 9 பேருக்கும் சாகும்வரை சிறை என்றது கோவை மகளிர் நீதிமன்றம். நம்பிய வீடு கயவரைக் கூண்டிலே ஏற்றியது!

“அப்படியானால் பிள்ளைகளைக் கவனிக்கவே வேண்டாமா?” என்று கேட்பீர். வேண்டும், கட்டாயம் வேண்டும்! 2020 மார்ச்சிலே பள்ளிகள் மூடப்பட்டபோது பாடப்புத்தகமாக வீட்டுக்குள் வந்த கைப்பேசி, இன்று சந்தையாக, சாவடியாக, சில வேளை சகதியாகவும் இருக்கிறது. 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாதென்று 2025 டிசம்பர் முதல் தடுத்துவிட்டது ஆஸ்திரேலியா. நம் நாட்டிலே 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டங்கள் வரட்டும், வரவேற்போம். ஆனால் எதைக் கவனிப்பது என்று சட்டம் வந்து வீட்டிலே சொல்லிக் கொடுக்காது.

பிள்ளையின் படத்திலே முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர். பிறர் முகத்தை அவன் எப்படி நடத்துகிறான் என்று பாருங்கள். எளியவனை ஏளனம் செய்கிறானா? அனுமதியின்றி ஒரு பெண்ணின் படத்தை அனுப்புகிறானா? சாதியைச் சொல்லி இழிக்கிறானா? ஒழுக்கத்தின் உரைகல் அதுதான். மகனுக்கும் மகளுக்கும் ஒரே உரைகல்!

மகளிடமும் மகனிடமும் இன்றிரவே சொல்லி வையுங்கள்: “எந்தப் படம் வந்தாலும், எவன் மிரட்டினாலும், முதலில் எங்களிடம் சொல். நாங்கள் உன் பக்கம்.” சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணை அழுத்தும் துணிவு, வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஊர் இரைச்சலை வடிகட்ட மலை வேண்டாம், 50,000 டன் இரும்பு வேண்டாம். பிள்ளையோடு அமர்ந்து பேச அரைமணி நேரம் போதும், தாய்மார்களே, தந்தையரே! மகளின் கைப்பேசியைப் பறிக்க நீளும் கையை அவள் தோள்மீது வையுங்கள். வைத்த பிறகு, மகனை அருகே அழைத்து, அவன் மணிக்கட்டிலுள்ள அந்தக் கயிற்றை அவிழுங்கள்!