கூடத்துக்குத் திரும்பிய வீடியோ கேம்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பதினோரு நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் செல்போன் விளையாட்டால் வந்த வினை! ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகன், விளையாட்டுக்குள்ளே ஏதோ துப்பாக்கியும் சட்டையும் வாங்குகிறேன் என்று, இவர் கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நாலாயிரத்து முந்நூறு ரூபாயைக் கரைத்துவிட்டான். இவர் கை நீட்டிவிட்டார். அன்றிலிருந்து அவன் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இவர் கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். நடுவில் நான் தூது.

அந்தச் சமயத்தில்தான் கோவையிலிருந்து என் தம்பி வந்தான். இரண்டு நாள் பார்த்தான். "அக்கா, போனைப் பிடுங்கி வெச்சா மட்டும் போதாது. அந்தக் கையிலே வேற ஏதாவது கொடுக்கணும். விழுப்புரம் வீட்டு டி.வி. கேம் ஞாபகம் இருக்கா?" என்றான்.

மறக்கிற விஷயமா அது! 1995-ல் அப்பா போனஸ் பணத்தில் வாங்கி வந்தார். ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் அது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். கேசட்டின் மேல் '9999 விளையாட்டு' என்று போட்டிருக்கும். உள்ளே அதே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வரும். பரீட்சை வந்தால் அம்மா அடாப்டரை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிடுவாள். நான்தான் மூத்தவள், ஆனாலும் பெண் பிள்ளையாயிற்றே, எனக்கு எப்போதும் இரண்டாவது ஜாய்ஸ்டிக்தான்!

உள்ளங்கைக் கம்ப்யூட்டர்

தம்பி வாங்கி வந்தது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன போர்டு. ஏ.டி.எம். கார்டு அகலம்தான் இருக்கும். பிள்ளைகள் சொந்தமாகப் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த முயற்சி இது. முதல் போர்டு 2012 பிப்ரவரி 29-ல் வந்தது. இந்த 4-வது மாடல் 2019-ல் வந்தது.

இதில் பழைய விளையாட்டு எப்படி ஓடும்? 'எமுலேட்டர்' என்கிற புரோகிராம்தான் காரணம். பலகுரல் கலைஞர் இன்னொருவர் மாதிரியே பேசிக் காட்டுகிறார் அல்லவா? அதுபோல இது பழைய பெட்டி மாதிரியே நடித்துக் காட்டும். பழைய சிப்புக்கு எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அந்தச் சிப் என்ன செய்திருக்குமோ அதையே செய்யும். அந்தப் பெட்டியின் சிப் நொடிக்குச் சுமார் 18 லட்சம் முறை துடிக்கும். இந்தப் போர்டிலுள்ளது 150 கோடி முறை! ஆகவே நடிப்பதில் சிரமமே இல்லை.

என்ன வேண்டும்?

2 ஜி.பி. போர்டு ஒன்று, அதற்கென்றே விற்கும் 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், 32 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. கார்டு, விசிறி வைத்த பெட்டி, ஒரு முனை மைக்ரோவாக இருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. வயர், யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் இரண்டு. எல்லாம் சேர்த்து எங்களுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. ஜாய்ஸ்டிக் கட்டாயம் இரண்டு வாங்குங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

செய்முறை

1. லேப்டாப்பில் 'ராஸ்பெர்ரி பை இமேஜர்' என்ற இலவசப் புரோகிராமைப் போட்டு, 'ரெட்ரோபை' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கார்டில் ஏற்ற வேண்டும். கார்டில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

2. கார்டைப் போர்டில் செருகி, ஜாய்ஸ்டிக்கையும் டி.வி. வயரையும் மாட்டி, கடைசியாகக் கரண்ட் கொடுங்கள்.

3. எந்தப் பட்டன் எதற்கு என்று திரையில் ஒவ்வொன்றாகக் கேட்கும். அழுத்திக் காட்டினால் போதும். உங்கள் ஜாய்ஸ்டிக்கில் இல்லாத பட்டனைக் கேட்டால், ஏதாவது ஒரு பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துத் தாண்டிவிடலாம்.

4. பென் டிரைவில் 'ரெட்ரோபை' என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டுப் போர்டில் செருகுங்கள். விளக்கு மினுக்குவது நின்றதும் எடுத்துப் பார்த்தால், உள்ளே ஒவ்வொரு பழைய பெட்டிக்கும் ஒரு ஃபோல்டர் வந்திருக்கும். அதில் விளையாட்டைப் போட்டு மறுபடி செருகினால், அதுவே உள்ளே ஏற்றிக்கொள்ளும். பிறகு ஒருமுறை மெனுவில் ரீஸ்டார்ட் கொடுத்தால் பட்டியலில் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

சாதாரண போன் சார்ஜரை மாட்டாதீர்கள். கரண்ட் போதாவிட்டால் திரை ஓரத்தில் மின்னல் படம் வரும். அதேபோல சட்டென்று சுவிட்சை அணைக்கக் கூடாது, கார்டு கெட்டுவிடும். மெனுவில் 'ஷட் டவுன்' கொடுத்த பிறகே அணைக்க வேண்டும். துணியைப் போட்டு மூடி வைப்பதும் ஆகாது. 80 டிகிரி சூட்டைத் தொட்டால் போர்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தியும் ஆள் தாமதமாகக் குதித்தால் டி.வி.யில் 'கேம் மோட்' போட்டுப் பாருங்கள்.

முக்கியமான இன்னொன்று. எமுலேட்டர் இலவசம், கம்பெனி விளையாட்டுகள் அப்படி அல்ல. 1985-ல் வந்த மாரியோவுக்கு இன்றும் பதிப்புரிமை உண்டு. 'பத்தாயிரம் விளையாட்டு ஏற்றிய கார்டு' என்று விற்பதை வாங்க வேண்டாம். காசு திருடினான் என்று பிள்ளையைக் கண்டித்துவிட்டு நாமே திருட்டுச் சரக்கு வாங்கலாமா? அந்தப் பழைய பெட்டிக்கென்றே இன்றும் சிலர் புது விளையாட்டுகள் எழுதுகிறார்கள். சில இலவசம், சில விலைக்கு. நாங்கள் 2019-ல் வந்த 'மைக்ரோ மேஜஸ்' வாங்கினோம். கோபுரம் ஏறும் குட்டி மந்திரவாதிகள். நாலு பேர் வரை சேர்ந்து ஆடலாம். மொத்த விளையாட்டும் வெறும் 40 கே.பி.

அன்று இரவு

மகனை மாமாதான் இழுத்து வந்து உட்கார வைத்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை நான் எடுத்தேன். "அம்மா, உனக்கு ஆடத் தெரியுமா?" என்று சிரித்தான். அந்தக் காலத்து கான்ட்ராவில் அருவிக் கட்டம் ஒன்று உண்டு. ஒருத்தர் அவசரமாக மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்பவர் காலி. தம்பியால் எத்தனை தடவை செத்திருக்கிறேன்! "மேலே போறவன் கீழே இருக்கிறவங்களைப் பார்த்துப் போகணும்டா" என்றேன். அவன் நின்றான். நான் ஏறினேன்.

மூன்றாவது ஆட்டத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய், அங்கே குதிக்காதே. பின்னாலே ஒருத்தன் வரான் பார்!"

பதினோரு நாளில் முதல் வார்த்தை. என் ஜாய்ஸ்டிக்கை இவர் கையில் கொடுத்துவிட்டுத் தோசை வார்க்கப் போனேன். அடுப்படி வரை இரண்டு பேர் சத்தமும் கேட்டது. "அன்னிக்கு அடிச்சது தப்புதான்" என்று இவர் சொன்னது இன்னும் நாலு நாள் கழித்து.

போன் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விளையாட்டில் விளம்பரம் இல்லை, நடுவில் காசு கேட்பதில்லை, முன்பின் தெரியாதவர் நுழைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இதற்கு ஒரு முடிவு உண்டு. பக்கத்தில் இன்னொருவருக்கு இடமும் உண்டு. இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை என்று வைத்திருக்கிறோம்.

முதல் ஜாய்ஸ்டிக் யாருக்கு என்கிறீர்களா? முப்பது வருஷம் காத்திருந்தவள் நான். விடுவேனா!