பாட்டன் கட்டத்தில் ஒரு சிறு கோடு

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிற் குடியேறிய அன்பர் ஒருவர், தம் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒழுங்காக இருக்க, பாட்டன் பெயருக்குரிய கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் கிடப்பதன் காரணம் யாதென்று எழுதிக் கேட்டிருக்கிறார். "பாட்டனுக்குப் பெயரே இல்லையா?" என்பது கடிதத்தின் கடைசி வரி.

தகப்பன் பெயரை முன்னிட்டு எழுதும் நம் வழக்கத்தை இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு பெயர் வந்து சேரும்போதெல்லாம் பழைய பெயரொன்று கழன்று விழுகிறது. ஐஸ்லாந்துக்காரருக்கும் இதே கதிதான். எங்கள் வீட்டில் அப்பப்பா காலமாகி நெடுநாளான பின்னும் பட்டிக் கன்றுகளுக்கு அவருடைய எழுத்தையே குறிசுட்டு வந்தார்கள். என் கையெழுத்தில் இடம்பெறாத அவர் மாட்டின் தொடையில் நிலைத்திருந்தார்.

ஆதலால், அரசாங்கம் பாட்டன் பெயரைக் கேட்டெழுதுவது புண்ணிய காரியமென்றே நான் எண்ணியிருந்தேன். பத்திரத்தை நிதானமாகப் படித்தபோதுதான் என் பேதைமை விளங்கிற்று. பாட்டன் இலங்கையிற் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் இங்கே பிறவாமல் பூட்டன் பிறந்திருந்தால் பூட்டனுடைய விவரம். இந்த நிபந்தனையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அச்சட்டத்துக்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர், தம் தகப்பன் இங்கே பிறந்தவரென்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்தவர்களென்றோ காட்டினாலன்றி வம்சாவளிப் பிரஜையாக முடியாது. காட்டுவதற்குப் பத்திரமில்லாத தோட்டத்து மக்கள் பல இலட்சம்பேர் நாடற்றவராயினர்; 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது; கடைசிவரை எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

அன்பரே, பத்திரத்துக்கு வேண்டியிருந்தது உங்கள் பாட்டன் பிறந்த ஊர். அது கடலுக்கு அப்பால் இருந்தபடியால் அவர் பெயரும் வேண்டாததாயிற்று.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தர்ப்பணம் செய்யும்போதும் இதே மூவரைத்தான் கேட்கிறார்கள்: பிதா, பிதாமகர், பிரபிதாமகர். ஆனால் குருக்கள் அவர்கள் எங்கே பிறந்தார்களென்று விசாரிப்பதில்லை. தாய்வழியாருக்கும் எள்ளும் நீரும் உண்டு. பத்திரத்திலோ தாயின் தகப்பனுக்குக்கூட ஒரு கட்டமில்லை.

இடப்பெயர்வுகளில் றங்குப்பெட்டியோடு சாதகமும் காணி உறுதியும் பறிகொடுத்த வன்னிக் குடும்பங்கள், பிறப்புப் பத்திரத்தின் பிரதி கிடைத்ததும் எல்லாம் மீண்டதாக ஆறுதலடைகின்றன. அம்மம்மாவின் தாய் பெயர் எந்தப் பிரதியிலும் வராது. அதைச் சொல்லக்கூடிய கிழவிகள் விறாந்தையில் இருக்கும்போதே ஒரு கொப்பியோடு அருகிற் போய்க் குந்த நம் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. நானும் காலந்தாழ்த்தித்தான் போனேன். பூட்டியின் பெயரென்ன என்று கேட்டதற்கு, தொண்ணூறைத் தொட்ட என் மாமி சற்று யோசித்துவிட்டுச் சிரித்தா.

"ஆச்சி எண்டுதான் கூப்பிட்டனாங்கள். அவவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆர் இருந்தது, தம்பி?"