பதினாறில் ஒரு பங்கு மனிதன்

என் மேசையில் ஒரு சிப்பாய் நிற்கிறான். தலைப்பாகையையும் சேர்த்து அளந்தால் அவனது உயரம் 11 சென்ரிமீற்றர். ஆனால் இப்போதைக்கு அப்படி அளக்க முடியாது. தலையைக் கழற்றி வேறாக வைத்திருக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "எப்ப பெயின்ட் அடிக்கப் போறீங்க?" என்பதுதான். நிறம் பூசுவதுதான் கலை, அதற்கு முன் நடப்பதெல்லாம் வெறும் ஆயத்தம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உயர்தர வகுப்புப் பாடங்களுக்கும் மேலதிக வகுப்புகளுக்கும் இடையில் ஏழு மாதங்கள் இதில் கழிந்த பின்னர் அந்த எண்ணம் போய்விட்டது.

கட்டாரில் வேலை செய்யும் நானா விடுமுறைக்கு வந்தபோது ஜப்பானிய தமியா நிறுவனத்தின் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே 1/35 அளவில் நான்கு பிளாஸ்டிக் படைவீரர்கள் இருந்தார்கள். இந்த 35 என்ற எண்ணுக்கே ஒரு கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் தமியா ஒரு பாந்தர் தாங்கியை மோட்டாருடன் செய்தபோது, உள்ளே பற்றரிகள் அடங்க வேண்டிய அளவைப் பார்த்து வண்டியின் அளவைத் தீர்மானித்தார்கள். பிறகு கணக்கிட்டால் அது ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது. இன்று உலகம் முழுவதும் அந்த அளவில் தாங்கிகளும் வீரர்களும் பரவலாக விற்கப்படுகின்றன. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் ஜேர்மன் வீரர்கள். அடுத்து வந்த பெட்டியில் அமெரிக்கர்கள். ஒட்டி முடித்து வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது, எங்கள் வாப்பாவைப் போன்ற முகத்தோடு ஒருவரும் இல்லையே என்று தோன்றியது.

அப்போதுதான் 1914ஆம் ஆண்டு பிரான்ஸுக்குப் போன இந்தியப் படையைப் பற்றி வாசித்தேன். அந்த வருடம் செப்டெம்பர் கடைசியில் லாகூர் டிவிஷன் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. ஒக்டோபர் முடிவதற்குள் அவர்களில் பலர் பெல்ஜியத்தின் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். வெப்ப நாட்டுக்குத் தைத்த பருத்திக் காக்கி உடையோடுதான் பலர் அந்தக் குளிரில் நின்றார்கள். ஒக்டோபர் 31ஆம் திகதி ஹொலபேக் என்ற இடத்தில், 129ஆவது பலூச்சி படைப்பிரிவின் குதாதாத் கான், தன் இயந்திரத் துவக்குக் குழுவில் மற்ற எல்லோரும் இறந்த பிறகும் காயத்தோடு தொடர்ந்து சுட்டார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவர். பஞ்சாப் முஸ்லிம்.

நான் செய்வது குதாதாத் கானை அல்ல. உண்மையில் வாழ்ந்த ஒருவரின் முகத்தைச் செய்ய எனக்குத் துணிவில்லை. அவரோடு அந்தக் குளிரில் நின்றிருக்கக்கூடிய, பெயர் தெரியாத ஒரு சிப்பாய் போதும் என்று முடிவெடுத்தேன். அளவு 1/16. பெரிய அளவு என்றால் பிழை நன்றாகத் தெரியும். ஆனால் என் விரல்களுக்கு அதைவிடச் சிறியது இயலாது.

முதல் வேலை கணக்கு. 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள மனிதனைப் பதினாறால் வகுத்தால் 10.6 சென்ரிமீற்றர். வளர்ந்த ஒருவரின் உயரம் அவரது தலையைப் போல ஏழரை மடங்கு. ஆகவே தலை 14 மில்லிமீற்றர். அவன் தோளில் தொங்கும் லீ-என்பீல்ட் துவக்கு உண்மையில் 113 சென்ரிமீற்றர். என்னிடம் அது 7 சென்ரிமீற்றர். இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். கண் ஏமாற்றும், அட்டை ஏமாற்றாது.

அடுத்தது எலும்பு. வீட்டு மின்கம்பியின் உள்ளிருக்கும் செப்புக் கம்பியை முறுக்கி முதுகெலும்பு, கைகள், கால்கள் ஆகியவற்றை அமைத்து, பாதத்திலிருந்து நீளும் கம்பியை ஒரு தக்கையில் குத்தி நிறுத்தினேன். இந்தக் கம்பி மனிதன் நிற்கும் விதம் பிழைத்தால் மேலே எவ்வளவு அழகாகச் செய்தாலும் பொம்மைதான். ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் ஒருவரைக் கவனியுங்கள். பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் தாழும். கழுத்தின் அடிக்குழியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் அது பாரம் தாங்கும் பாதத்தின் மேல் வந்து நிற்கும். உயிரியல் வகுப்பில் எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கியபோது புரியாத பல விடயங்கள் இந்தக் கம்பியை வளைத்தபோது புரிந்தன.

தசைக்கு எப்பொக்சி களிமம். இரண்டு பாகமாக வரும், சம அளவில் பிசைய வேண்டும், பிசைந்ததும் இறுகத் தொடங்கும். என் முதல் முயற்சி படுதோல்வி. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைக்கும் களிமத்தை வன்பொருள் கடையில் வாங்கி வந்து பிசைந்தேன். அது சில நிமிடங்களில் கல்லாகிவிட்டது. ஒரு தொடையைச் செய்து முடிக்குமுன் மற்றத் தொடைக்கான உருண்டை உள்ளங்கையிலேயே இறுகிப்போனது. பிறகு நானா அனுப்பிய மில்லிபுட் என்ற களிமம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இளக்கமாக இருந்தது. முழுதாக இறுக ஓர் இரவு போதும். இதைச் செய்ய விரும்பும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இறுகாத எப்பொக்சி தோலுக்குக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இறுகியதைத் தேய்க்கும்போது அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி மூக்கினுள் போகாது.

கருவிகளுக்கு நான் எங்கும் போகவில்லை. வாப்பா பல் ஆய்வுகூடத்தில் செயற்கைப் பல் செய்பவர். அவர் ஒதுக்கி வைத்த மெழுகு செதுக்கும் கருவிகள் ஐந்து எனக்குக் கிடைத்தன. நுனியை அடிக்கடி தண்ணீரில் தொட வேண்டும், இல்லாவிட்டால் களிமம் கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். "அழுத்தாதே, தள்ளு" என்று வாப்பா சொல்லித் தந்தார். அவர் ஒரு கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களைச் செதுக்கும்போது கை அசைவதே தெரியாது.

முதலில் உடலை மட்டும் செய்து இறுக விட்டு, அதன் மேல்தான் உடையைப் போட வேண்டும். நேரே உடையிலிருந்து தொடங்கினால் சட்டைக்குள் ஆள் இருக்கமாட்டான். என் சிப்பாயின் மேலாடை முழங்கால்வரை தொங்கும் காக்கிக் குர்தா. நல்ல வேளையாக, அந்த வெட்டில் வாப்பாவின் ஜும்ஆ உடுப்பு ஒன்று அலுமாரியில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று கைகளைக் கட்டினேன், விரித்தேன், மடித்தேன். துணி மடிப்பு எப்போதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். அக்குளிலிருந்து முழங்கைக்கு, தோளிலிருந்து இடுப்புப் பட்டிக்கு என்று அது இழுபடும் இடத்தைக் கண்டுபிடித்தால் மடிப்பு தானாக வரும். கண்டுபிடிக்காமல் கோடு கீறினால் அது மரப்பட்டை போலத்தான் இருக்கும். என் முதற் கை அப்படித்தான் இருந்தது, வெட்டி எறிந்தேன். இன்னொன்று, மடிப்பின் பள்ளத்தை உண்மையில் உள்ளதைவிடச் சற்று ஆழமாகவே செதுக்க வேண்டும். இவ்வளவு சிறிய உருவத்தில் நிழல் போதுமான அளவு விழாது, பின்னர் பூசும் நிறமும் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடும்.

கைகளைக் கட்டிக்கொண்டு, உள்ளங்கைகளை அக்குளில் செருகி, குளிரில் ஒடுங்கி நிற்பது போல அவனை அமைத்திருக்கிறேன். பார்த்த ஆசிரியை ஒருவர், "குளிரை எவ்வளவு நன்றாகக் காட்டியிருக்கிறாய்" என்று பாராட்டினார். உண்மையில் விரல்களைச் செய்யப் பயந்துதான் ஒளித்தேன்.

காலில் சுற்றும் பட்டித் துணிக்குக் களிமத்தை மாபிள் கல்லில் முகப்பவுடர் தூவி, கண்ணாடிப் போத்தலால் உருட்டி, 6 மில்லிமீற்றர் அகல நாடாக்களாக வெட்டினேன். காலாட்படையினர் இதைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி முழங்காலுக்குக் கீழே முடிப்பார்கள். குதிரைப்படையினர் மேலிருந்து கீழே சுற்றுவார்கள். ஆங்கிலத்தில் இதைப் புட்டீ என்பார்கள். அது பட்டி என்ற இந்திச் சொல்தான்.

தலைப்பாகையில் பெரிய பிழை விட்டேன். துணியைச் சுற்றினால் தலைப்பாகை என்று நினைத்து அழகாகச் சுற்றி முடித்திருந்தேன். பிறகு, பிரித்தானிய நூலகத்தின் கேர்ட்வூட் புகைப்படத் தொகுப்பைப் பார்த்தேன். 1915இல் பிரான்ஸில் எடுத்த படங்கள் அவை. சீக்கியர் சுற்றும் முறை வேறு, பஞ்சாப் முஸ்லிம்கள் சுற்றும் முறை வேறு. இவர்களுடைய தலைப்பாகையின் நடுவில் குல்லா என்னும் கூர்த்தொப்பியின் முனை மேலே தெரியும். ஒரே படைப்பிரிவுக்குள்ளேயே தலைப்பாகையைப் பார்த்து யார் எந்தச் சமூகம் என்று சொல்லிவிடலாமாம். நான் செய்திருந்தது வேறொருவருடைய தலைப்பாகை. இரண்டு கிழமை வேலையைச் செதுக்கி எடுத்துவிட்டு மீண்டும் சுற்றினேன்.

வார்களையும் கொக்கிகளையும் செய்வது எனக்கு மிகப் பிடித்த பகுதி. வெளிநாட்டவர்களின் செய்முறைகளில் வைன் போத்தலின் கழுத்தைச் சுற்றியுள்ள மெல்லிய தகட்டை வெட்டி வார் செய்யச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை! உம்மாவின் மூட்டுவலிக் களிம்பு வந்த அலுமினியக் குழாயை விரித்துக் கழுவி வெட்டினேன். அருமையாக வளைந்தது, ஆனால் ஒரு கிழமை மேசையெல்லாம் தைல வாசம். கொக்கிக்கு, தொலைபேசிக் கம்பியின் மெல்லிய இழையை ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டில் நெருக்கமாகச் சுற்றி, உருவி எடுத்து, ஒரு பக்கமாக வெட்டினால் ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு சதுர வளையங்கள் கிடைக்கும். துவக்கைப் பிளாஸ்டிக் துண்டிலிருந்து இழைத்தேன். லீ-என்பீல்டின் மரம் குழலின் நுனிவரை போவதால் குழலே வெளியில் தெரியாது. அந்த மொட்டை மூக்கில் ஊசியால் ஒரு துளை போட்டால் முடிந்தது.

துவக்கு என்றதும் உம்மாவின் முகம் மாறியது. உம்மா யுத்த காலத்தில் ஊரைவிட்டு வந்தவர். அதைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். "துவக்கு வேணாம் மகள், வீட்டுக்குள்ள துவக்கு வேணாம்" என்று மட்டும் சொன்னார். உம்மும்மாவுக்கோ துவக்கு பிரச்சினையில்லை, முகம்தான் பிரச்சினை. "இதுக்குக் கண்ணும் மூக்கும் வெக்கப் போறியா புள்ள? உயிருள்ளதுட உருவம் செய்யலாமா?" என்று கேட்டார். இது மார்க்க அறிஞர்கள் நீண்ட காலமாகப் பேசிவரும் விடயம். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் முகமும் இல்லாமல் துவக்கும் இல்லாமல் எப்படி ஒரு சிப்பாயைச் செய்வது என்று அன்று அழுகையே வந்துவிட்டது.

துவக்கைத் தோளில் தொங்கவிட்டு, குழல் நிலத்தைப் பார்க்கும்படி திருப்பினேன். உம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உம்மும்மாவுக்கு, இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரின் ஷாஜஹான் பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னேன். முதல் உலக யுத்தத்தில் காயப்பட்டு அங்கே மௌத்தான முஸ்லிம் சிப்பாய்களுக்காக அந்தப் பள்ளிவாசலுக்கு அருகிலேயே தனியாக ஒரு மையவாடி அமைத்தார்கள். உம்மும்மா கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "அந்தப் பொடியன்மாருக்கு உம்மா வாப்பா வந்து பார்த்திருக்கவும் மாட்டாங்களே" என்றார். அனுமதி தந்தாரா என்று கேட்டால் இல்லை. மறுக்கவும் இல்லை.

முகத்தைக் கடைசியாகச் செய்தேன். 14 மில்லிமீற்றருக்குள் முதலில் மண்டையோடு, கண்குழிகளில் கடுகைவிடச் சிறிய இரு உருண்டைகள், அவை இறுகிய பிறகு இமைகள், அதன் பின்னரே மூக்கும் கன்னமும். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நேராக வரவேண்டும். எல்லோரும் பிழை விடுவது இதில்தான், நானும் இருமுறை விட்டேன்.

இறுதியாக உருவத்தைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவிட்டு, பல்கனியில் வைத்துச் சாம்பல்நிறப் பிரைமரை மெல்லிய படையாக விசிறினேன். களிமம், செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் என்று பல நிறமாக இருந்தது ஒரே நிறமானதும், அதுவரை கண்ணுக்குப் படாத குறைகளெல்லாம் வெளியே வந்தன. இடது அக்குளில் ஒரு வெடிப்பு. ஒரு வாரின் கீழே இடைவெளி. முதுகில், குர்தாவின் நடுவில், என் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. வெடிப்பையும் இடைவெளியையும் நிரப்பினேன். 600 இலக்க அரத்தாள், பிறகு 1000, மீண்டும் பிரைமர். ரேகை இப்போது முதுகில் இல்லை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஒரு வளைவு மெல்லியதாகத் தெரிகிறது. அதை இன்னொரு முறை தேய்க்க வேண்டும்.

தலை இன்னும் வேறாக, ஒரு பல்குத்தியின் நுனியில், உருளைக்கிழங்கொன்றில் குத்தப்பட்டு நிற்கிறது. தலைப்பாகையின் அடியிலும் கழுத்துப் பட்டியின் உள்ளேயும் தூரிகை போவதற்காக, இக்கலை பயின்றவர்கள் பலர் நிறம் பூசி முடியும்வரை தலையை ஒட்டுவதில்லை. உம்மும்மாவுக்கு நான் சொன்ன காரணமும் இதுதான். அவர் தினமும் லுஹருக்குப் பிறகு என் அறைக்கு வந்து உருளைக்கிழங்கைப் பார்க்கிறார். நேற்று, "இவனுக்குக் குளிருது போல" என்று சொல்லிவிட்டு, யன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.