விரல்கள் கற்கும் பாடம்

அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்குப் பதினெட்டு வயது நெருங்கும்போது, பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: “நமக்குப் பின் இவன் என் செய்வான்?” 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அவனுக்குக் காப்பாளர் ஒருவரை நியமிக்க வழி செய்துள்ளது. நன்று. ஆயினும் பள்ளிப் பருவம் முடிந்து, பகலெல்லாம் திண்ணையில் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கு வேலையும் வேண்டுமன்றோ?

இதில் அருங்காட்சியகத்துக்கு என்ன பங்கு என வாசகர் வினவலாம். நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் இத்தகையோருக்கெனவே வகுப்புகள் நடத்தியுள்ளது. நம் கடற்கரைச் சாலையில், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் கைவினைஞரே அமர்ந்து, வருவோர் கையில் களிமண்ணைத் தருகின்றனர். எழுத்தறியாதவனும் அங்கே மாணவனாகலாம்.

புதுச்சேரியில் என்ன குறை? பாரதி பூங்காவை அடுத்த அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அரிக்கமேட்டு மணிகள் உள்ளன. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பமும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருதே கிடைத்தது. பொருளைக் காப்போரும் தொழிலை அறிந்தோரும் ஒரே ஊரில் உளர். இப்பிள்ளைகளுக்காக அவர்கள் ஒன்றுகூட வேண்டும் என்பதே நம் விருப்பம்.

கற்பிக்கும் முறை கடினமன்று; பொறுமையே வேண்டும். காகிதத்தைக் கிழித்து ஊறவைத்தல், அரைத்தல், பசை சேர்த்தல், அச்சில் அழுத்துதல், உலர்த்துதல், வெண்பூச்சு, வண்ணம் என வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்கின்றனர். பின்னர்க் கடைசிப் படியிலிருந்து தொடங்குகின்றனர்! ஆசிரியர் அனைத்தையும் முடித்து, இறுதி வண்ணத்தை மட்டும் மாணவனுக்கு விட்டுவைக்கிறார். முதல் நாளே பொம்மை அவன் கையால் நிறைவு பெறுகிறது. அது கைவந்தபின் கடைசி இரண்டு படிகள், அதன்பின் மூன்று. தொடக்கத்திலிருந்து கற்பித்தால், முடிவைக் காணுமுன்பே பலர் சோர்ந்துவிடுவர்.

செய்த பொருளை இரக்கத்தால் வாங்குவதை நாம் விரும்புவதில்லை. கோணிய பொம்மையைக் கோணல் என்றே சொல்லித் திருத்த வேண்டும். நேர்த்தியான பொம்மைக்கு உரிய விலை தர வேண்டும். அவ்விலை அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே செல்லுதல் முறை.

விருந்தினர் வந்தால் பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பும் வழக்கம் நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. அவ்வீட்டாரிடம் நாம் வேண்டுவது, வாரத்தில் ஒரு முற்பகல். முதல் மாதத்தில் விரல்கள் இணங்கா. ஆறு மாதமாவது பொறுத்துப் பாருங்கள்.