காட்டு வேலைக்கு எந்தக் கத்தி?

கோவைக்கு வடமேற்கே, தமிழ்நாடும் கேரளமும் சேரும் இடத்தில் ஆனைகட்டி இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இருபக்கமும் இருளர் மக்கள் வாழ்கிறார்கள். தேன் எடுக்க, கிழங்கு தோண்ட, சீமாறுப் புல் அறுக்க, மாடு மேய்க்கக் காட்டுக்குப் போகிறார்கள். இதற்கெல்லாம் வெட்டும் கருவி வேண்டும்.

நல்ல கருவி சோறு போடும். பொருந்தாத கருவி விரலை எடுத்துவிடும். ஆகவே பார்த்து வாங்க வேண்டும்.

எந்த வேலைக்கு எது?

புல் அறுக்கக் கருக்கரிவாள். அதன் வாயில் சிறு பற்கள் இருக்கும். முள், புதர், மூங்கில், சிறு கிளை வெட்டக் கொடுவாள். அதன் வளைந்த நுனி, கிளையை நழுவவிடாமல் பிடிக்கும். கட்டை பிளக்கக் கோடாலி. நார் கிழிக்க, தோல் சீவச் சிறு கத்தி. கிழங்கு தோண்டக் கடப்பாரை. கத்தியால் மண்ணைத் தோண்டினால் வாய் மழுங்கிவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியுமா? அப்படியானால் கொடுவாள் வாங்குங்கள். பல வேலைக்கு அது உதவும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

முதலில் இரும்பு. பழைய லாரிப் பட்டையில் கொல்லர்கள் கொடுவாள் அடிப்பார்கள். அது எஃகு. இரும்பில் சிறிதளவு கரி சேர்ந்தால் எஃகு. அதில் கூர்மை நெடுநாள் நிற்கும். எஃகு நமக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் அகழாய்வு நடந்தது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் அங்கே கிடைத்தன. அவை 2000 ஆண்டுகளுக்கும் முந்தியவை.

அடுத்தது தோய்ச்சல். எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரில் முக்குவதே தோய்ச்சல். இது குறைந்தால் வாய் மடங்கும். மிஞ்சினால் வாய் சில்லாகத் தெறிக்கும். சில்லு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே கொல்லர் முன்னாலேயே காய்ந்த மூங்கிலை வெட்டிப் பாருங்கள். வாய் மடங்கவும் கூடாது, தெறிக்கவும் கூடாது.

பிடியையும் பாருங்கள். அது கை நிறைய இருக்க வேண்டும். ஆடக் கூடாது. கருவியின் எடை அவரவர் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

வெட்டும்போது

மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து. ஓங்கி வெட்ட நேரும்; கத்தி வழுக்கும். ஆகவே அடிக்கடி சாணைக்கல்லில் தீட்டுங்கள். காலை நோக்கி வெட்டாதீர்கள். நடக்கும்போது வாய்க்கு உறை போடுங்கள்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றதும் சோப்பும் நல்ல நீரும் விட்டுக் கழுவுங்கள். மண்ணோ சாணமோ வைக்கக் கூடாது. ரணஜன்னிக் கிருமி அவற்றில்தான் இருக்கும். அது உயிரைக் கொல்லும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை தருகிறது. வழிவழியாக எடுத்துவந்த தேன், கிழங்கு, மூங்கில் முதலியவற்றை அவர்கள் சேகரிக்கலாம். தடிமரம் வெட்டி விற்க இதில் இடமில்லை. வெட்டினால் வழக்கு வரும். கருவியையும் பறிமுதல் செய்வார்கள். பார்த்துப் பார்த்து வாங்கிய கொடுவாளை அப்படி இழக்கலாமா?