2038 நேரச் சிக்கல்: பழைய கெர்னலில் புதிய நூலகம் மட்டும் போதுமா?

மும்பை: ஆண்டாப் ஹில்லில் வசிக்கும் ஒரு குடும்பம் இன்று 20 ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன் பெற்றால், அதன் கடைசித் தவணை 2038-ஆம் ஆண்டைக் கடந்தே வரும். அந்தத் தேதியைக் கையாளும் மென்பொருள் 32 பிட் நேர அளவைப் பயன்படுத்தினால், கணக்கு இப்போதே பிழையாகும். '2038 சிக்கல்' எனப்படும் இந்தக் குறைபாட்டுக்கான தீர்வு ஏற்கெனவே உருவாக்கப்பட்டுவிட்டது. ஆனால், பழைய கெர்னலில் இயங்கும் கருவிகளில் அந்தத் தீர்வு பாதியளவே பலன் தரும்.

சிக்கல் என்ன?

லினக்ஸ் உள்ளிட்ட யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள், 1970 ஜனவரி 1 முதல் கடந்துள்ள விநாடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. இதற்கென ஒதுக்கப்பட்ட 32 பிட் இடத்தில் பதியக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 ஆகும். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எல்லை எட்டப்படும். அடுத்த விநாடியில் எண் எதிர்மறையாக மாறி, கணினியின் தேதி 1901 டிசம்பருக்குச் சென்றுவிடும்.

இதன் முன்னோட்டம் 2006 மே மாதத்திலேயே தெரிந்தது. தரவுத்தளக் கோரிக்கைகளுக்கு 100 கோடி விநாடி காத்திருப்பு நேரம் நிர்ணயிக்கப்பட்டிருந்த ஏஓஎல்சர்வர் மென்பொருள், அந்தக் கூட்டல் 2038-ஐத் தாண்டியதும் தடுமாறியது.

நேர அளவை 64 பிட்டாக விரிவாக்கினால், ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகள் வரை எண்ண முடியும். இன்றைய 64 பிட் கணினிகளில் இயங்குதள அளவில் இச்சிக்கல் இல்லை. கவலைக்குரியவை 32 பிட் சில்லுகளில் இயங்கும் கருவிகளே.

கெர்னலும் நூலகமும்

செயலிகள் பொதுவாகக் கெர்னலிடம் நேரடியாக நேரத்தைக் கேட்பதில்லை. இடையில் உள்ள 'சி நூலகம்' என்னும் மென்பொருள் அடுக்கே கேட்டுத் தருகிறது. எனவே இரண்டும் மாற வேண்டியிருந்தது. 2019 மே மாதம் வெளியான லினக்ஸ் 5.1, 32 பிட் கருவிகளுக்கும் 64 பிட் நேரம் தரும் புதிய அழைப்புகளை அறிமுகப்படுத்தியது. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் எஞ்சிய பணிகளும் பெருமளவு நிறைவடைந்தன.

நூலகங்களில், 'மசில்' 2020-இல் வெளியான 1.2.0 பதிப்பில் 64 பிட் நேரத்தை இயல்பாக்கியது. குனு சி நூலகம் 2021 ஆகஸ்டில் வெளியான 2.34 பதிப்பில் அதை விருப்பத் தேர்வாக வழங்கியது.

பழைய கெர்னலில் நடப்பது

புதிய நூலகம் முதலில் 64 பிட் அழைப்பையே விடுக்கும். பழைய கெர்னல் 'இப்படியோர் அழைப்பு இல்லை' என்று பதிலளித்தால், நூலகம் பழைய 32 பிட் அழைப்புக்குத் திரும்பி, கிடைக்கும் எண்ணை 64 பிட் இடத்தில் வைத்துச் செயலிக்கு அளிக்கும். இதனால் ஒரே செயலி பழைய, புதிய கெர்னல்கள் இரண்டிலும் தடையின்றி இயங்குகிறது.

மறுதிசையில், 2038-க்குப் பிந்தைய நேரத்தைக் கெர்னலில் அமைக்குமாறு செயலி கோரினால், அந்த எண் 32 பிட்டில் அடங்காது. அப்போது நூலகம் எண்ணை வெட்டிச் சுருக்காமல், பிழையைத் தெரிவிக்கும். தவறான தேதி சத்தமின்றிப் பதிவாவதை விட இது பாதுகாப்பானது.

ஆயினும் பாத்திரம் பெரிதானாலும் ஊற்றின் அளவு மாறுவதில்லை. எல்லை கடந்த பின் பழைய கெர்னல் 1901 என்றே சொல்லும். நூலகமும் அதையே எடுத்துரைக்கும். கெர்னல், நூலகம் ஆகியவற்றுடன் செயலியும் மறுதொகுப்பு செய்யப்பட்டால்தான் தீர்வு முழுமையடையும்.

செயலியும் அது சார்ந்த பிற நூலகங்களும் நேரத்துக்கு வெவ்வேறு அளவுகளைக் கொண்டிருந்தால் தரவு சிதையும். இதனால்தான் டெபியன் திட்டம் தொடர்புடைய நூலகங்களை ஒருசேர மறுதொகுப்பு செய்து, 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் ஐ386 தவிர்த்த 32 பிட் வகைகளையும் 64 பிட் நேரத்துக்கு மாற்றியது. சி-டாக் உருவாக்கிய இந்தியாவின் 'பாஸ்' லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

இப்போதே ஏன்?

கைப்பேசிகள் சில ஆண்டுகளில் மாற்றப்படுகின்றன. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் போக்குவரத்துக் கட்டமைப்புகளும் அப்படியல்ல. ஆண்டாப் ஹில் வழியாகச் செல்லும் மும்பை மோனோ ரயிலில், புதிய சமிக்ஞை அமைப்பு உள்ளிட்ட மேம்பாட்டுப் பணிகளுக்காக 2025 செப்டம்பர் 20 முதல் சேவை நிறுத்தப்பட்டது. அதில் நேரக் குறைபாடு உள்ளது என்பது இதன் பொருளன்று. ஆனால், இத்தகைய எந்தத் திட்டத்திலும் இன்று பொருத்தப்படும் கருவி 2038-இலும் பணியில் இருக்கக்கூடும்.

எனவே, 32 பிட் கருவிகளை வாங்கும் நிறுவனங்கள் நூலகத்தின் பதிப்பை மட்டுமின்றி, கெர்னலின் பதிப்பையும் செயலிகள் 64 பிட் நேரத்துடன் தொகுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் ஒப்பந்தத்திலேயே உறுதி செய்துகொள்வது அவசியம். கடிகாரத்தை 2038 ஜனவரி 19-க்கு முன்நகர்த்திச் சோதனை செய்வது, குறையைக் கண்டறிய உதவும் எளிய வழியாகும்.