புதன்கிழமை சிரிக்கலாம்

ஐ.ஐ.டி. கனவோடு பிள்ளைகள் குவியும் கோட்டாவில் சந்தோஷத்துக்கும் கால அட்டவணை போட வேண்டியதாயிற்று

ராஜஸ்தானின் கோட்டா நகரில், தல்வண்டி பகுதியில் இருக்கிறது அந்த ராதாகிருஷ்ணர் கோயில். அங்கே உண்டியலைவிடச் சுவருக்குத்தான் வேலை அதிகம். சுவர் முழுக்கப் பேனாக் கிறுக்கல்கள். ஐ.ஐ.டி.யில் இடம் வேண்டும், எய்ம்ஸில் இடம் வேண்டும், அப்பா அம்மா தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். எழுத இடம் தீர்ந்துபோனதும் வெள்ளையடிக்கிறார்கள். அடுத்து வரும் பிள்ளைகள் அதன்மேல் மறுபடி எழுதுகிறார்கள்.

ஒரு காலத்தில் டோரியா புடவை, தரைக்குப் போடும் கல், காரமான கச்சோரி ஆகியவைதான் கோட்டாவின் அடையாளம். 1980களின் தொடக்கத்தில் இங்குள்ள ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் எஞ்சினியராக இருந்த வி.கே. பன்சால், தசைச் சிதைவு நோயால் நடமாட முடியாமல் போய், வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஐ.ஐ.டி.யில் நுழைய, 1991இல் ‘பன்சால் கிளாசஸ்’ பிறந்தது. 1997இல் ஆலை மூடப்பட்டபோது நகரத்தைத் தாங்கிப் பிடித்தது கோச்சிங் தொழில்தான். வீடுகள் விடுதிகளாயின. தெருவுக்குத் தெரு மெஸ் முளைத்தது. 2021இல் பன்சால் காலமாவதற்குள், ஆண்டுக்கு இரண்டு லட்சம் பிள்ளைகள் வரை வந்திறங்கும் ஊராகிவிட்டது கோட்டா.

கணக்கு என்னவோ இரக்கமில்லாதது. 2024இல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை எழுதியவர்கள் சுமார் 1.8 லட்சம் பேர். நாட்டின் 23 ஐ.ஐ.டி.களிலும் இருந்த இடங்கள் 17,740. அதாவது பத்தில் ஒருவருக்கு. அட்வான்ஸ்டு எழுதும் தகுதி பெறவே அதற்கு முன்னால் இன்னொரு தேர்வைத் தாண்ட வேண்டும். நீட் எழுதும் கூட்டமோ 20 லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் பெற்றோர்கள் அறியாதவர்கள் அல்ல. கடன் வாங்கியோ நிலத்தை விற்றோ அனுப்பிவைப்பவர்களின் வாதம் எளிமையானது: இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க நிம்மதி. ரிக்‌ஷா ஓட்டுபவரின் பிள்ளையும் கடை வைத்திருப்பவரின் பிள்ளையும் அதிகாரியின் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார வழிசெய்கிற ஆசையைக் குற்றம் சொல்லவும் முடியாது.

சிக்கல், அந்த இரண்டு வருடத்தை வாழ்க்கையில் சேர்க்காமல் விடுவதில்தான். வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு. மதிப்பெண்ணை வைத்து எந்த பேட்ச் என்று முடிவாகிறது. பேட்ச் இறங்கினால் விடுதியில் தலைகாட்டவே கூச்சம். நடு ஏரியில் ஜக்மந்திர் மாளிகை மிதப்பதுபோல் நிற்கும் கிஷோர் சாகரும், நகரை ஒட்டி ஓடும் சம்பல் நதியும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பார்க்கப் போவது குற்றம்போல் உறுத்துகிறது. டீக்கடையில் கூடுதலாகப் பத்து நிமிடம் நின்றால்கூட யாரோ முந்திவிட்டதாகப் பதைப்பு.

2023இல் இந்த ஊரில் 20க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் அதிர்ந்துபோய் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது. விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த வேண்டும். கோச்சிங் மையங்களில் இரண்டு மாதத்துக்குத் தேர்வு கிடையாது. புதன்கிழமைகளில் அரை நாள் படிப்பு, அரை நாள் கேளிக்கை. சிரிப்பதற்கும் அரசாங்கம் நாள் குறிக்க வேண்டிய நிலை.

2024 ஜனவரியில் மத்திய அரசும் நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது. நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது. வார விடுமுறைக்கு மறுநாள் தேர்வு வைக்கக் கூடாது. பண்டிகை நாட்களில் பிள்ளைகள் குடும்பத்தோடு இருக்க விடுமுறை தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் உத்தரவுகளைவிடச் சின்னச் சின்ன ஏற்பாடுகள் மனதைத் தொடுகின்றன. 2024இல் மாவட்ட ஆட்சியராக இருந்த டாக்டர் ரவீந்திர கோஸ்வாமி, விடுதிகளுக்குப் போய் மாணவர்களோடு இரவு உணவு சாப்பிட ஆரம்பித்தார். அவரே கோட்டாவில் படித்து மருத்துவரானவர். சில தாய்மார்கள் சின்ன வீடாக வாடகைக்குப் பிடித்துப் பிள்ளையோடு தங்கிவிடுகிறார்கள். சூடான ரொட்டியும், வகுப்பிலிருந்து திரும்பும்போது கதவைத் திறக்க ஓர் ஆளும் இருந்தால் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதெல்லாம் லட்சியத்தை நீர்க்கச் செய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. அட்வான்ஸ்டு தேர்வு ஒரே நாளில், ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குத் தயாராகும் இரண்டு வருடத்தில் 730 நாட்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஐ.ஐ.டி. கிடைக்கப்போவதில்லை. அவர்கள் கையில் மிஞ்சுவது அந்த நாட்கள்தான். இடம் பிடிக்கும் அந்த ஒருவனும் அவற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

கோட்டா போலீஸ் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. ‘தர்வாஸே பே தஸ்தக்’ (கதவைத் தட்டு) என்று 2023இல் ஓர் இயக்கம் தொடங்கியது. இரவில் வார்டன்கள் ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். மெஸ்ஸுக்கு வராதவர் யார், யாருடைய டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே திரும்பி வருகிறது என்று சமையல்காரர்கள் கவனித்துச் சொல்ல வேண்டும்.

நாட்டின் மிகக் கடினமான கேள்விகளுக்கு விடை தேடும் ஊரில், கடைசியில் உயிரைக் காக்க நம்பியிருப்பது மிகச் சாதாரணமான ஒரு கேள்வியைத்தான்: சாப்பிட்டாயா?